வீட்டுக்காரரிடம் கொடுத்த சாவி

"ஆன்டி, இந்த வீட்டுக்காரர் யாரு?" என்று கவிதா கேட்டபோது என் வாயில் பாகற்காய் வறுவல் இருந்தது. அதைத் தேவைக்கு மேல் மென்றேன்.

போன ஞாயிறு மத்தியானம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலடியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்ததால் ரசம் மட்டும் சீக்கிரம் ஆறிக்கொண்டிருந்தது. கவிதா தன் இலையை மடித்து ஓரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தைத் துடைத்து, தாள்களைப் பரப்பியிருந்தாள்.

கவிதா அம்பாங்கில் இருக்கிற பெண். முப்பது வயது ஆகியிருக்காது. பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரத்தில், நான் எப்போதோ எழுதிய 'கழுவிய வீடு' நாவலை இரண்டு வருடமாக ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"'வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தாள்'னு இருக்கு. ஹஸ்பண்டா, லேண்ட்லார்டா?"

"இதுல என்ன டவுட்டு? புருஷன்தான்" என்றாள் பத்மா. பத்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"எனக்கும் டவுட்டு இல்லக்கா. எடிட்டர்தான் கேக்குறாங்க. மூணாவது அத்தியாயத்துல ஒரு ஹவுஸ் ஓனர் வராரு இல்ல? அவரையும் தேவகி வீட்டுக்காரர்னுதான் சொல்றா. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வேர்டு கிடையாதே. செவ்வாய்க்கிழம ஃபைல் அனுப்பணும். ஆன்டி ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ஒரு வார்த்தை! முப்பது வருடமாக நான் சொல்லாமல் தப்பித்து வந்த வார்த்தை.

"ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றேன். கவிதா சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

மூன்று வாரமாக இந்தத் தொடரில் போர்ட் கிள்ளான் கப்பல் சரக்கு அலுவலகம், அங்கே நான் தட்டிய தட்டச்சு இயந்திரம், மேலாளரின் கோபம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். 'அந்த நாவலைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?' என்று வாட்ஸ்அப்பில் துளைத்தெடுத்தவர்களே, இதோ எழுதுகிறேன். தெளிவாக எழுதுவேன் என்று மட்டும் நம்ப வேண்டாம். எனக்கே குழம்பிக் கிடக்கிறது.

ஒரு சொல், இரண்டு ஆள்

வீட்டுக்காரர் என்றால் கணவர். வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரரும்தான். வாடகை வீட்டில் இருக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் உண்டு. யாரைச் சொல்கிறாள் என்று கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பண்டமாரானில் ஒரு வரிசை வீட்டில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் பெயர் சின்னப்பன். பின் சந்தில் அவர் வீடு. ஒருநாள் அலுவலகத்தில், "நேத்து வீட்டுக்காரர் வந்து தட்டுத் தட்டுன்னு தட்டினாரு, நான் தெறக்கவே இல்ல. உள்ள லைட்ட அணைச்சிட்டுப் படுத்துட்டேன்" என்றேன். பக்கத்து மேசைக்காரி கையிலிருந்த ரப்பர் முத்திரையைக் கீழே போட்டுவிட்டாள். மத்தியானம் தனியாகக் கூட்டிப்போய், "வீட்டுல எல்லாம் சரிதானே?" என்று விசாரித்தாள். சின்னப்பன் கூரை ஒழுகலைப் பார்க்க வந்தவர் என்று விளக்கிச் சொல்லியும் அவள் என்னை ஒரு வாரம் பரிதாபமாகவே பார்த்தாள்.

அப்போது சிரித்தேன். அந்தச் சொல் என்னைப் பிறகு என்ன பாடுபடுத்தப்போகிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டைக் காலி செய்தோம். கழுவிக் கொடுக்க வேண்டும் என்பது சின்னப்பனின் நிபந்தனை. பிள்ளைகளை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, நான் ஒரு நாள் முழுக்கக் கழுவினேன். அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறையில் பாசி, பிள்ளைகள் படுத்த அறையில் சுவரெல்லாம் கிரேயான் கோடு. கடைசி வாளித் தண்ணீரை வாசல் வழியாகத் தள்ளிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைச் சின்னப்பனிடம் கொடுத்தேன். கட்டம் போட்ட சாரோங் கட்டிக்கொண்டு, பல் குத்திக்கொண்டே கேட்டருகில் நின்றார். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நேற்று நடந்தது மாதிரி நினைவிருக்கிறது.

வீடு மாறிய ஈரம் காய்வதற்குள் அதை அப்படியே நாவலின் கடைசி அத்தியாயமாக எழுதினேன்.

புடவைக் கடை விளம்பரம்

நாவல் ஒரு வார இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. இந்த இதழ் இல்லை. அது எப்போதோ நின்றுபோயிற்று. தேவகி என்ற பெண் ஒரு வாடகை வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்தாள், பெற்றாள், துவைத்தாள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. பெரிய புரட்சி ஒன்றும் என் மனதில் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு, எனக்கு இருந்த எரிச்சலை எங்காவது கொட்ட வேண்டியிருந்தது.

கடைசி அத்தியாயம் தீபாவளிக்கு முந்தைய இதழில் வந்தது. புடவைக் கடை விளம்பரம் ஒன்று திடீரென்று வந்துசேர, பக்கத்தில் இடம் பற்றவில்லை. கதையின் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரையும் கேட்கமாட்டார்கள்.

அச்சில் வந்த முடிவு இது:

'தரை காயக் காத்திருக்கவில்லை. கதவைப் பூட்டினாள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தாள். "கழுவியாச்சு, பார்த்துக்குங்க" என்றாள். சாலைக்கு வந்தாள்.'

வெட்டப்பட்ட பத்தி இது:

'சாலையோரம் லோரி உறுமிக்கொண்டிருந்தது. சாமான்கள் ஏற்றியாயிற்று. கணவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "போகலாம்" என்றாள் தேவகி.'

என்ன வித்தியாசம் பாருங்கள். நான் எழுதியது குடும்பத்தோடு வீடு மாறுகிற கதை. ஊர் படித்தது, பன்னிரண்டு வருடக் குடித்தனத்தைக் கழுவிவிட்டு, புருஷன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, தனியாக ரோட்டுக்கு வந்த பெண்ணின் கதை.

விளம்பரத்தில் வந்த புடவை மட்டும் நன்றாக இருந்தது. நீலத்தில் மாம்பழ பார்டர்.

மூன்றாவது வரிசையில் வடை

கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் பத்து, பிறகு மூட்டை. 'தேவகி எங்கே போனாள்?' என்று கேட்டவர்கள் பாதி. 'எங்கே போனாலும் சரி, போனாளே!' என்றவர்கள் மீதி. ஒரு கோயில் கமிட்டிக்காரர், குடும்பப் பெண்கள் படிக்கக் கூடாத கதை என்று பேசிவிட்டார். அதன் பிறகு பண்டமாரானில் படிக்காத பெண்ணே இல்லை என்றாகிவிட்டது. கிள்ளானில் பெண்கள் சிலர் கூடி, இதழிலிருந்து வெட்டி ஒட்டி, அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். வெட்டிய பத்தி வெட்டியபடியே போயிற்று.

ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை நான் யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. திடீரென்று பேருந்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளிடம் போய், "அம்மா, அது வீட்டு ஓனர், அவ புருஷன் லோரியில இருந்தான்" என்று எப்படிச் சொல்வது?

புத்தக வெளியீட்டில் ஒரு பேராசிரியர் பேசினார். "நம் மக்கள் எப்போது வீட்டைக் கழுவுவார்கள்? பிணம் எடுத்த பிறகு! தேவகி இங்கே தன் திருமணத்துக்குச் சாவுச் சடங்கு செய்கிறாள்!" கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசி வழுக்குகிறது என்று கழுவியதற்கு இப்படி ஒரு அர்த்தமா? மேடையில் உட்கார்ந்து தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர், அதாவது கணவர், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவருக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து அவர்தான் வில்லன். கல்யாண விருந்துகளில் எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். ஒரு அம்மா என் காதருகே வந்து, "இவரு ரெண்டாவதா?" என்றே கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். "ரெண்டாவதுன்னே சொல்லிக்க லா, மொத ஆளை விட நல்ல பேரு கெடைக்கும்" என்றார்.

அவர் அந்த நாவலைப் பற்றி என்னிடம் பேசியது அவ்வளவுதான். படித்தாரா என்றுகூடத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது.

பத்மா வந்தது

புத்தகம் வந்த வருடமே ஒரு மழைக்கால மாலையில் கேட் ஆடியது. அவர் போய்த் திறந்தார். ஒரு இளம்பெண், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், ஒரு துணிப்பை. கையில் என் புத்தகம்.

"நீங்க யாரு?" என்று அவள் அவரைக் கேட்டாள்.

"வீட்டுக்காரர்."

"வாடகை வாங்க வந்தீங்களாண்ணே? அக்கா உள்ள இருக்காங்களா?"

அவர் வழிவிட்டார். உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "அக்கா, நானும் கழுவிட்டு வந்துட்டேன்."

அதுதான் பத்மா. கை ஓங்குகிற புருஷன். உதட்டோரம் அப்போதும் வீக்கம் இருந்தது. வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவி, சாவியை அவன் கையில் வைத்து, "பார்த்துக்குங்க" என்று என் தேவகி சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.  'ஐயோ, அது நான் எழுதினதில்லம்மா' என்று சொல்ல வாய்வரை வந்தது. பிள்ளைகள் இரண்டும் நனைந்து நின்றன. துண்டு எடுக்கப் போனேன். அவர் அதற்குள் மைலோ கலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினோரு நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான்காவது நாள்தான் அவர் வாடகை வாங்க வந்தவர் இல்லை என்று பத்மாவுக்குப் புரிந்தது. "அப்ப கதையில?" என்றாள். "கதை கதைதானே" என்று மழுப்பினேன்.

பத்மா பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். இன்றைக்குக் கிள்ளானில் பாதிப் பெண்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். மகள்கள் இரண்டும் நன்றாக இருக்கிறார்கள். அவள் ஓட்டுநர் பள்ளிச் சுவரில் என் நாவலின் கடைசி வரி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

இப்போது புரிகிறதா, கவிதா கேட்ட ஒரு வார்த்தையின் கனம்? 'சொந்தக்காரர்' என்று சொன்னால் பத்மாவின் சுவரில் இருப்பது புடவைக் கடை செய்த பிழை என்றாகிவிடும். 'கணவர்' என்று சொன்னால், தமிழ் படிக்கத் தெரியாத என் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, பாட்டி தாத்தாவை விட்டுவிட்டுப் போன கதையா என்று கேட்பார்கள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாமல் முப்பது வருடம் வில்லனாக இருந்தது போதாதா?

சிக்னல் போட்டு ஓரம் கட்டினாள்

சாப்பிட்டு முடித்துக் கிளம்பினோம். ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான நெரிசல். பத்மா நிதானமாக ஓட்டுவாள், பேசிக்கொண்டே கண்ணாடியில் மூன்று பக்கமும் பார்ப்பாள்.

"என்னக்கா டைம் கேட்டீங்க? சொல்லிட வேண்டியதுதானே?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "பத்மா, அது வீட்டு ஓனரு" என்றேன்.

"எது?"

"சாவி வாங்கினது. நான் எழுதினது ஓனரைத்தான். கடைசிப் பத்திய வெட்டிட்டாங்க. தேவகி எங்கயும் போகல. புருஷனோட வேற வீட்டுக்குத்தான் போறா."

பத்மா சிக்னல் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஓரம் கட்டி, கியரை நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கையும் இழுத்தாள். மாணவிக்குப் பாடம் எடுப்பது போல ஒவ்வொன்றாகச் செய்தாள். 

"அப்ப புருஷன் எங்க இருந்தான்?"

"லோரியில."

"லோரியில என்ன பண்ணான்?"

"உட்கார்ந்திருந்தான்."

"அவ மாங்கு மாங்குன்னு வீடு கழுவுறப்ப, அவன் லோரியில உட்கார்ந்திருந்தானா?"

"ஆமா."

"அப்ப நான் படிச்சதுதான்க்கா சரி" என்றாள்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை.

"முப்பது வருஷம் ஏன் சொல்லல?"

"நீ உடைஞ்சு போயிருவேன்னு பயம்."

"அலாமாக்! உங்க கதைய நம்பியா நான் வீட்ட விட்டு வந்தேன்? அடி தாங்காம வந்தேன். வந்த பொறகு கையில புடிச்சுக்க ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. உங்க வரி கெடைச்சிச்சு. அது ஓனரோ, போஸ்ட்மேனோ, எனக்கென்ன?" மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்க எனக்காக முடிவு பண்ணாதீங்க. நான் இருக்கேன் பாருங்க, நல்லாத்தான் இருக்கேன். நீங்க உங்களுக்கு எது உண்மையோ அத சொல்லுங்க."

கிள்ளான் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினாள். வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கும்போது மட்டும், "சீட் பெல்ட்ட கழட்டிட்டு எறங்குங்கக்கா" என்றாள். பெல்ட்டோடு இறங்கப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எது உண்மையோ அதைச் சொல்ல வேண்டுமாம். சின்னப்பன்தான் உண்மை. கட்டம் போட்ட சாரோங்தான் உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஏன் 'சொந்தக்காரர்' என்று கவிதாவுக்கு ஒரு வரி அனுப்ப விரல் எழவில்லை? அதுதான் விளங்கவில்லை.

ஈரத் தரை

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் அடுப்படியில் பாலில்லாத தே ஓ போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலத் தேநீர் அவர் வேலை. பத்மா கிளப்பிவிட்ட எரிச்சல் எனக்குள் இன்னும் அடங்கவில்லை. கைப்பையை மேசைமேல் வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டேன்.

"ஏங்க, பண்டமாரான் வீட்ட நான் கழுவறப்ப நீங்க ஏன் லோரியில உட்கார்ந்திருந்தீங்க?"

முப்பது வருடம் கழித்து இப்படி ஒரு கேள்வி. அவர் திடுக்கிடவில்லை. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"நீதானே வெரட்டினே. உள்ள வந்தா ஈரத் தரைய மிதிச்சு நாசம் பண்ணிருவீங்க, போங்க வெளியன்னு கத்தினே. தொடப்பத்த வேற தூக்கிக் காட்டினே."

அதுவும் உண்மைதான். மறந்தே போயிருந்தேன். துடைப்பம் கையில் இருந்தது நினைவுக்கு வந்தது. என் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது. கவிதா கேட்டதைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

"சின்னப்பன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். உண்மை அதுதானே? சாவிய அவருகிட்டதானே குடுத்தேன்."

"இல்லையே" என்றார்.

"என்ன இல்ல?"

"சின்னப்பன் அன்னைக்கு ஊர்லயே இல்ல லா. டெங்கில் பக்கம் மக வீட்டுக்குப் போயிட்டாரு. மறுநாள் நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன். சாவிய நீ என் கையிலதான் குடுத்தே."

"கேட்டு பக்கத்துல நின்னாரே! கட்டம் போட்ட சாரோங்கு, பல் குத்திக்கிட்டு..."

"அது உன் கதையில, மூணாவது அத்தியாயத்துல."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சின்னப்பனை எத்தனையோ நாள் அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை எடுத்து அந்த நாளுக்குள் வைத்துவிட்டேனா? நான் எழுதியதை நானே நம்பிவிட்டேனா? இவர் கதையைப் படித்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவர் இரண்டு கோப்பைகளை மேசையில் வைத்தார்.

"லோரி சன்னல் வழியா சாவிய நீட்டினே. 'கழுவியாச்சு, பார்த்துக்குங்க'ன்னே. நீ சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறுவேன்னு பார்த்தேன். நீ ஏறல. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போயிட்டே."

"நானா?"

"பாவாடை ஓரமெல்லாம் நனைஞ்சு போயி, காலுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கைப்பை மட்டும் தோள்ல. நீ கையால எழுதி வச்சிருந்தியே, லோரி உறுமிக்கிட்டு இருந்துச்சுன்னு, அது தப்பு. நான் இன்ஜின ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரை எனக்கு நினைவுக்கு வந்தது. கீழே யாரோ துப்பிய வெற்றிலைக் கறை. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இல்லை, அவர் சொன்னதால் வந்ததா? இனிமேல் எதை நம்புவது?

"கிள்ளான் பஸ் வந்துச்சு. நின்னுச்சு. கதவு தெறந்துச்சு. நீ ஏறல. இன்னொண்ணு வந்துச்சு, அதுலயும் ஏறல. அப்புறம் திரும்பி வந்து லோரியில ஏறி, 'போலாம்'னே. நான் இன்ஜின ஆன் பண்ணேன்."

"ஏறிப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அததான் யோசிச்சிட்டு இருந்தேன். சட்டி பானை, கட்டிலு எல்லாம் பின்னால இருக்கு. எங்க கொண்டு போய் எறக்குறதுன்னு தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போக நினைத்ததற்கா, திரும்பி வந்ததற்கா, சட்டிபானையோடு அந்த மனிதர் சாலையோரம் உட்கார்ந்திருந்ததற்கா? அன்று ஏன் நடந்தேன்? அடித்தாரா? இல்லை. திட்டினாரா? அதுவும் இல்லை. பன்னிரண்டு வருடம் கழுவிய கை ஓய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் தெரியும். சாலைக்கு வந்தாள் என்று எழுதியபோதே முடித்திருக்க வேண்டும். தேவகியை லோரியில் ஏற்றிவிட்டது யார்? அந்தக் கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது இவர் பக்கத்து அறையில் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் நினைவிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து கைபேசியை எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன்: 'ஹஸ்பண்ட்.'

'நான் அப்படித்தான் போட்டிருக்கேன் ஆன்டி' என்று உடனே பதில் வந்தது. பின்னாலேயே ஒரு சிரிப்பு முகம்.

"என்ன அனுப்பினே?" என்றார்.

"உங்களத்தான் போட்டேன். பேரப்பிள்ளைங்க படிச்சிட்டு வந்து கேட்பாங்க. பரவாயில்லயா?"

"கேட்டா கேக்கட்டும்" என்று தன் கோப்பையை எடுத்துக்கொண்டார். தே ஓவில் அன்றைக்குச் சர்க்கரை கூடுதல். எனக்கும் சேர்த்துக் கலக்கும்போது கை தவறியிருக்க வேண்டும்.

"இத்தன வருஷத்துல ஒரு நாளாவது ஏன் கேக்கல? அன்னைக்கு ஏன் நடந்து போனே, ஏன் திரும்பி வந்தேன்னு?"

அவர் ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே சைக்கிள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டா, நீ மறுபடி யோசிப்பே லா."